மோனேயின் அல்லிக்குளம் (1899): எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வெண்பலகை:
க்ளோத் மோனே 1899-இல் வரைந்த அல்லிக்குளம், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் படம். 88.3 × 93.1 செ.மீ., கிட்டத்தட்டச் சதுரம். மேலே வளைந்த மரப்பாலம், கீழே இலையும் பூவுமாக மூடிய தண்ணீர், சுற்றிலும் மரம், புதர். பாடநூல்களில் "ஒளியைப் பிடித்தார்", "கணநேரத்தைத் தீட்டினார்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்பது எங்கேயும் இல்லை. அச்சில் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. கண்ணை முதலில் எங்கே வைக்க வேண்டும்? தண்ணீர் தண்ணீராகத் தெரிய அவர் என்ன செய்திருக்கிறார்? அந்தப் பச்சைக்குள் வேறு என்னென்ன இருக்கின்றன? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

நீர்க்கோடு:
பாலத்தைக் கையால் மறைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாலம் கண்ணை உடனே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு குளத்தை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. இந்தப் படத்தின் உண்மையான வேலை குளத்தில்தான் நடந்திருக்கிறது.

பாலத்துக்குக் கீழே உள்ள பகுதியில் தூரிகை போன திசையை மட்டும் கவனியுங்கள். நிறத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். அல்லி இலைக் கூட்டங்கள் எல்லாம் இடமிருந்து வலமாகக் கிடைத் தீற்றல்கள். அவற்றுக்கு நடுவே தெரியும் தண்ணீரோ செங்குத்துத் தீற்றல்கள். மேலிருந்து கீழே இழுத்திருக்கிறார். அந்தச் செங்குத்துக் கோடுகள் எதிர்க்கரை மரங்களின் பிம்பம். அசைவற்ற நீரில் மரம் உள்ளபடியே தலைகீழாகத் தெரியும். சிற்றலை எழுந்தால் ஒவ்வொரு அலைச்சரிவும் பிம்பத்தின் ஒரு துண்டைப் பார்ப்பவர் பக்கமாக இழுக்கும். பிம்பம் நீண்டு கோடுகோடாகும். மோனே இதை அப்படியே வாங்கியிருக்கிறார்.

இரண்டு திசைகளும் ஒரே பரப்பில் இருப்பதுதான் விஷயம். கிடைத் தீற்றல் நீர்மட்டத்தைத் தரையோடு படுக்க வைக்கிறது. செங்குத்துத் தீற்றல் அதே மட்டத்துக்குள் ஒரு ஆழத்தைத் திறக்கிறது. கண் இலையைப் பிடித்தால் குளம் தட்டையாகும், இடைவெளியைப் பிடித்தால் கீழே இறங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது என்பதால் படம் அசைவதுபோல் இருக்கிறது. "கணநேரம்" என்று பாடநூல் சொல்வதன் பொறி இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது இலைகளின் அளவு. கீழ் ஓரத்தில் இலை ஓரளவு வட்டமாக, தனித்தனியாகத் தெரியும். மேலே போகப்போக நீள்வட்டமாகி, பாலத்துக்கு அடியில் வெறும் கோடாகிவிடும். படத்தில் தொடுவானம் இல்லை, வானமும் இல்லை. தூரத்தைச் சொல்ல அவரிடம் இருப்பது இலைகள் ஒடுங்கும் இந்த விகிதமும் பாலமும்தான். நகல் எடுக்கும் பலருக்குக் குளம் சுவர்போல நிமிர்ந்து நின்றுவிடக் காரணம், எல்லா இலையையும் ஒரே அளவில் போடுவது.

இன்னொன்று, நீரின் இயற்பியல். நேர் கீழே குனிந்து பார்த்தால் நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 2 சதவீதம்தான் திருப்பி அனுப்பும். உள்ளே பார்க்க முடியும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த பார்வைக்கு 6 சதவீதம். 80 பாகைக்கு ஏறக்குறைய 35 சதவீதம். அதாவது காலடித் தண்ணீர் இருண்டும் ஆழமாகவும், தூரத்துத் தண்ணீர் கண்ணாடியாகவும் இருக்கும். முன்புற இடைவெளிகளில் ஆழ்ந்த பச்சையை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று இந்த எண்களோடு சேர்த்துப் பாருங்கள்.

தைலச்சாந்து:
நீர்க்கோடு தீற்றலைச் சொல்லிவிட்டதால் வண்ணத்துக்கு வருகிறேன்.

1905-இல் தன் ஓவிய வணிகர் துராந்-ருயலுக்கு எழுதிய கடிதத்தில் மோனே தன் வண்ணத்தட்டில் உள்ளவற்றைச் சொல்லியிருக்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் என்ற பளிச்சிவப்பு, அடர் மேடர் என்ற கருஞ்சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. ஆறே ஆறு. கறுப்பு இல்லை, மண் நிறங்களும் இல்லை. இந்தப் படம் அதற்கு ஆறு வருடம் முந்தியது. ஆனாலும் இந்த ஆறை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பச்சை பிரிந்து தெரியத் தொடங்கும்.

விரிடியன் தனியாகக் குளிர்ந்த, நீலம் சாய்ந்த, ஊடுருவக்கூடிய பச்சை. அதில் காட்மியம் மஞ்சள் சேர்ந்தால் வெயில் பட்ட இலைக்கொத்து. கோபால்ட் நீலமும் வெள்ளையும் சேர்ந்தால் பாலத்தின் வெளிறிய நீலப்பச்சை. மேடர் சேர்ந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு குளத்தின் இருட்டை உண்டாக்க நேரான வழி அதுதான். குழாயிலிருந்து வரும் கறுப்பு, பச்சையின் பக்கத்தில் செத்துக் கிடக்கும். விரிடியனும் மேடரும் கலந்த இருட்டு, ஓரங்களில் ஊதாவாகவோ பச்சையாகவோ கசியும். அதனால்தான் படத்தின் மிக இருண்ட இடம்கூட ஓட்டையாகத் தெரிவதில்லை.

அல்லி இலையின் மேல்புறத்தைப் பாருங்கள். பச்சை இலைக்கு வெளிறிய நீலம் ஏன்? அது வானம். இலை மேல்நோக்கிப் படுத்திருக்கிறது, மெழுகுப் பளபளப்பு உள்ளது, தலைக்கு மேலுள்ள வானத்தைத்தான் அது திருப்பிக் காட்டும். சட்டத்துக்குள் வானமே இல்லாத படத்தில் வான ஒளி இலை வழியாக உள்ளே வந்திருக்கிறது. இந்த ஒரு இடத்தைப் பிடித்துவிட்டால் மீதி தானாகத் தெரியும்.

சிவப்பு எங்கே என்று தேடுங்கள். பூக்களின் இளஞ்சிவப்பு, கரைப் புதர்களில் சின்னச்சின்னச் செந்தீற்றல்கள். பரப்பளவில் மிகக் குறைவு. பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும் என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-லேயே நூலாக எழுதிவிட்டார், அடுத்தடுத்த தலைமுறை ஓவியர்கள் அதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். சிவப்பை அதிகமாக்கினால் விளைவு கெடும். பெரிய பரப்பில் பச்சை, மிகச் சிறிய பரப்பில் சிவப்பு என்ற விகிதம் இருப்பதால்தான் இவ்வளவு பச்சையும் சலிக்காமல் இருக்கிறது.

அச்சுப்படம் ஒரே பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நான்கு மையில் அச்சிடும்போது விரிடியன் சார்ந்த குளிர்பச்சையும் மஞ்சள் சார்ந்த வெம்பச்சையும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துவிடும். அச்சகத்தில் "பளிச்" என்று இருக்க மஞ்சளைக் கூட்டினால் முடிந்தது கதை. பாலத்தின் நீலச்சாயலும் இலையின் வான நீலமும்தான் முதலில் காணாமல் போகும்.

கொட்டியாம்பல்:
செடி பக்கத்திலிருந்து சில விவரங்கள். இவை தெரியாமல் படத்தைத் தவறாகப் படிக்க வாய்ப்பிருக்கிறது.

முதலில், இது தாமரைக்குளம் இல்லை. தாமரை இலை நீர்மட்டத்துக்கு மேலே காம்பில் உயர்ந்து நிற்கும். அல்லி இலை ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வட்டமாக நீரின் மேல் படுத்திருக்கும். நீர்க்கோடு சொன்ன கிடைத் தீற்றல் அத்தனையும் இந்தப் படுத்திருக்கும் குணத்தால் வந்தது. தாமரை நட்டிருந்தால் இப்படி ஒரு படமே வந்திருக்காது. நிற்கும் இலைகள் நீர்ப்பரப்பை மறைத்திருக்கும்.

இரண்டாவது, நம் ஊர் ஆம்பல் இரவில் மலர்வது. நிலவைக் கண்டு அல்லி மலரும் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் அந்திப்பொழுது என்று தோன்றலாம். அப்படி இல்லை. மோனே வளர்த்தவை குளிர் தாங்கும் கலப்பினங்கள். காலை வெயில் ஏறியதும் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்பவை. பூக்கள் திறந்திருந்தால் அது பகல் வெளிச்சம்.

அந்தக் கலப்பினங்களே அப்போது புதுசு. ஐரோப்பாவில் குளிர் தாங்கும் அல்லி என்றால் வெள்ளை மட்டும்தான் இருந்தது. தென்மேற்கு பிரான்சில் தாம்ப்ல்-சூர்-லோ என்ற ஊரில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த லத்தூர்-மார்லியாக், அதை வேறு நாட்டு இனங்களோடு கலப்பு செய்து மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு என்று உருவாக்கி 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். மோனே அங்கிருந்துதான் செடி வாங்கினார். படத்தில் பார்க்கும் இளஞ்சிவப்புக்குப் பத்துப் பதினைந்து வருட வயதுகூட ஆகவில்லை.

மோனே தன் தோட்டத்தில் இந்தக் குளத்தை வெட்டியதும் லேசில் நடக்கவில்லை. பிரான்சில் ஜிவெர்னி என்ற சிற்றூருக்கு அவர் குடிபோனது 1883. வீட்டை வாங்கியது 1890. ரயில்பாதைக்கு அப்பால் இருந்த நிலத்தை 1893-இல் வாங்கி, எப்த் ஆற்றின் சிறு கிளையிலிருந்து நீர் திருப்ப மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டார். கீழ்மடைக்காரர்கள் எதிர்த்தார்கள்: புதுச் செடிகள் நீரை நஞ்சாக்கிவிடும், மாடு குடிக்கும் தண்ணீர் கெட்டுப்போகும் என்று. கடைசியில் அனுமதி கிடைத்தது. 1901-இல் மேலும் நிலம் வாங்கிக் குளத்தைப் பெரிதாக்கினார். ஆகவே 1899 படத்தில் இருப்பது பழைய, சிறிய குளம். இன்று ஜிவெர்னிக்குப் போகிறவர்கள் பார்ப்பது விரிவாக்கிய குளம். பாலத்தின் மேல் இன்றுள்ள விஸ்டீரியா கொடிப்பந்தலும் 1899-இல் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் செந்தீற்றலும் பூ இல்லை. இலைகள் நெருங்கி இடமில்லாமல் போனால் விளிம்பு மேலே மடங்கி எழும். பல கலப்பினங்களில் இலையின் அடிப்புறம் செம்பழுப்பாக இருக்கும். கூட்டத்தின் ஓரத்தில் குட்டையான செவ்வூதாக் கீற்று தெரிந்தால் அது மடங்கிய இலையாக இருக்கவும் இடமுண்டு.

மங்கல்பார்வை:
மோனேவுக்குக் கண்புரை இருந்தது, அதனால்தான் எல்லாம் கலங்கலாக வரைந்தார் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். இந்தப் படத்துக்கும் அது பொருந்துமா?

தைலச்சாந்து:
பொருந்தாது. கண்புரை என்று மருத்துவர்கள் சொன்னது 1912-இல். இந்தப் படம் 1899, அப்போது அவருக்கு வயது 58. வலது கண்ணில் அறுவை செய்தது 1923 ஜனவரியில். புரை முற்றினால் கண்வில்லை மஞ்சள்பழுப்பாகும், நீலம் உள்ளே வராது. 1918-க்குப் பிறகு அதே பாலத்தை அவர் வரைந்த படங்களைப் பக்கத்தில் வையுங்கள். செம்பழுப்பு, அடர்மஞ்சள், பாலம் எது செடி எது என்று பிரிக்க முடியாத நெரிசல். அவற்றில் கண்ணின் பங்கு எவ்வளவு, துணிவின் பங்கு எவ்வளவு என்று விவாதிக்கலாம். 1899 படத்தில் நீலமும் ஊதாவும் துல்லியமாகப் பிரிந்திருக்கின்றன; புரைக்கண்ணால் அப்படிப் பிரிக்க முடியாது.

தீற்றல் தீற்றலாக இருப்பதைக் "கலங்கல்" என்று சொல்வதே சரியில்லை. கலங்கல் என்றால் விளிம்பு கரைந்திருக்கும். இங்கே ஒவ்வொரு தீற்றலின் விளிம்பும் கூர்மையாகவே இருக்கிறது.

வளைகோடு:
நீர்க்கோடு பாலத்தை மறைக்கச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாலம் இல்லாமல் இந்தப் படம் நிற்காது.

படம் முழுவதிலும் தெளிவான நீண்ட விளிம்பு உள்ள ஒரே பொருள் பாலம்தான். மற்ற எல்லாம் குட்டைத் தீற்றல். அந்த ஒரு வளைவு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டு கரைகளையும் கட்டிப்போடுகிறது. இருபுறமும் சட்டத்தால் வெட்டப்பட்டிருப்பதால் பாலம் எதன் மேல் ஊன்றி நிற்கிறது என்று தெரியாது. அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும். இப்படிப் பொருளைச் சட்டத்தால் வெட்டுவது ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளில் பழகிய முறை. மோனே அப்படிப்பட்ட அச்சுகள் 200-க்கு மேல் சேர்த்தவர். ஜிவெர்னி வீட்டுச் சுவர்களில் அவற்றைத்தான் மாட்டியிருந்தார். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1856-இல் செய்த கமெய்தோ கோயில் அச்சில் வளைபாலமும் விஸ்டீரியாவும் குளமும் இருக்கின்றன. ஒப்பிட்டால் வேறுபாடும் தெரியும். ஹிரோஷிகேயின் பாலம் செங்குத்தாக எழும்பிய வில். மோனே கட்டியது தாழ்ந்த, சோம்பலான வளைவு; செடிகளோடு ஒட்டிப் போகிற பச்சை பூசியிருந்தார்.

நீர்க்கோடு:
வளைகோடு சொல்வது பாலத்தின் வேலையைச் சரியாகவே காட்டுகிறது. நான் மறைக்கச் சொன்னது பார்க்கும் வரிசைக்காக. ஆனால் "பாலம் இல்லாமல் நிற்காது" என்பதை மோனேயே பிறகு சோதித்துவிட்டார். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் உள்ள 1906 அல்லிப் படம் 89.9 × 94.1 செ.மீ. இதே அளவு, கிட்டத்தட்ட இதே சதுரம். அதில் பாலம் இல்லை, கரை இல்லை. இலைக்கூட்டமும் நீரில் விழுந்த வெளிச்சமும் மட்டும். 1909-இல் துராந்-ருயல் காட்சியில் வைத்த 48 நீர்ப்படங்களும் இந்த வழியில் போனவை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாலம் 1899-இல் என்ன உதவி செய்தது என்று துல்லியமாகத் தெரியும். பாலம் இருக்கும்போது நாம் கரையில் நிற்கிறோம், எதிரே தோட்டம். பாலத்தையும் கரையையும் எடுத்ததும் நிற்க இடமில்லை, நீர் மட்டும் சட்டம் முழுக்க விரிகிறது. 1899 படம் அந்தப் பாதையின் முதல் படி. எனக்கு 1906 படத்தைவிட இது பிடிக்கும். கரையில் கால் ஊன்றி நின்றுகொண்டே உள்ளே இறங்க முடிகிறது.

வளைகோடு:
அதை ஏற்கிறேன். 1906 படத்துக்கு நேராகப் போகிறவர்கள் பலருக்கு அது அலங்காரத் துணிபோலத் தெரிவதும் இதனால்தான். பாலம் உள்ள படத்தில் கண்ணைப் பழக்கிவிட்டுப் போனால் அந்தச் சிக்கல் வராது.

வெண்பலகை:
மிக்க நன்றி. இலையின் நீலம் இப்போது தெரிகிறது. இரண்டு கேள்விகள். நல்ல தரமான படக்கோப்பு எங்கே கிடைக்கும்? கண்ணைப் பழக்க ஒரு பயிற்சி நகல் எடுக்கலாம் என்றால் எண்ணெய் வண்ணத்தில் எப்படித் தொடங்குவது?

வளைகோடு:
கோப்புக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளம். 1899 தொடரில் அவர்களிடம் உள்ளது 92.7 × 73.7 செ.மீ., நெடுக்குவாக்கு. பொதுவுரிமைப் படம் என்பதால் பெரிய கோப்பையே கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அந்த வருடம் மோனே இந்தப் பாலத்தை 18 படங்களாகத் தொடங்கி, கோடைக்குள் 12-ஐ முடித்தார் என்று அவர்களே குறிப்பிடுகிறார்கள். நெடுக்குவாக்கில் இருப்பதால் நீருக்கு இடம் அதிகம். தீற்றல் படிக்க லண்டன் படத்தைவிட வசதி. லண்டன் படத்தை அவர்கள் தளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இறக்கியதும் செய்யவேண்டியது: கைபேசியிலேயே கறுப்புவெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போனதும் எது வெளிச்சம், எது இருட்டு என்று மட்டும் நிற்கும். சிவப்புப் பூக்கள் சில பச்சையோடு கலந்து மறையும். வெள்ளைப் பூக்கள் மட்டும் துள்ளும். மறைகிற பூ நிறத்தால் மட்டும் பிரிந்திருந்தது, துள்ளுகிற பூ வெளிச்சத்தாலும் பிரிந்திருந்தது என்று பொருள். வண்ணத்துக்குத் திரும்பிப் பாருங்கள்: முதல் வகைப் பூ நீரில் மிதந்து நடுங்கும், இரண்டாவது வகை நிலையாக உட்காரும்.

தைலச்சாந்து:
நகலுக்கு நான் சொல்லும் முறை. 30 × 30 செ.மீ. கேன்வாஸ் பலகை போதும். முழுப்படம் வேண்டாம், பாலத்தின் கீழ்விளிம்பிலிருந்து படத்தின் அடிவரை ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்ணம்: விரிடியன், கோபால்ட் நீலம், காட்மியம் மஞ்சள் இளநிறம், வெர்மிலியனுக்குப் பதில் காட்மியம் சிவப்பு இளநிறம், மேடருக்குப் பதில் நிலைத்த அலிசரின் கிரிம்சன், டைட்டானியம் வெள்ளை. குழாயின் பின்புறம் நிறமி எண் பாருங்கள். விரிடியன் என்றால் பி.ஜி. 18, கோபால்ட் நீலம் என்றால் பி.பி. 28 இருக்க வேண்டும். பெயரோடு "ஹியூ" என்று சேர்ந்திருந்தால் உள்ளே வேறு நிறமி. விரிடியன் ஹியூவில் பெரும்பாலும் தாலோ பச்சை இருக்கும். அது ஒரு துளியே தட்டு முழுவதையும் விழுங்கும். மோனேயின் பச்சை அதில் வராது. ஈய வெள்ளை நச்சு, வீட்டில் வேண்டாம். டைட்டானியம் அதைவிட மறைக்கும் வலு கூடியது. ஈய வெள்ளையை நினைத்து எழுதிய எந்தக் கலவையிலும் பாதி அளவில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சுண்ணாம்பாகும்.

தூரிகை: பன்றிமுடித் தட்டைத் தூரிகை 4, 6, 8 எண்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஒன்று குளிர்பச்சைக்கு, மற்றது வெம்பச்சைக்கு. நடுவில் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

தளத்தை வெள்ளையாகவே விடலாம். மோனே கடைகளில் வெளிர்நிறப் பூச்சோடு விற்ற கேன்வாஸைத்தான் பயன்படுத்தினார். தீற்றல்களின் சந்துகளில் அந்த வெளிர்நிறம் எட்டிப்பார்ப்பது படத்துக்கு உள்வெளிச்சம் தருகிறது.

முதல் நாள் டர்பன்டைனில் நீர்த்த கோபால்ட் நீலத்தால் இலைக்கூட்டங்களின் எல்லையை மட்டும் குறியுங்கள். தனி இலை எதுவும் வேண்டாம். பிறகு தண்ணீர்ப் பகுதிகளில் விரிடியனும் அலிசரினும் மூன்றுக்கு ஒன்று கலந்து, கொஞ்சம் கோபால்ட் சேர்த்து, மேலிருந்து கீழாக இழுங்கள். இலைக்கூட்டம் வரும் இடங்களில் வெள்ளை கலந்த நடுத்தரப் பச்சையைச் சற்றுத் தடிப்பாக, கிடைமட்டமாகப் போட்டு மேடுபள்ளமாகவே விட்டுவிடுங்கள். இரண்டு திசைகளும் அன்றைக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது.

ஒரு வாரம் முதல் பத்து நாள் காயட்டும். விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஈரக்காற்று உள்ள கடலோர ஊர்களில் இன்னும் நாலைந்து நாள் கூட ஆகலாம். இந்தக் காத்திருப்பு கட்டாயம். மோனேயின் பரப்பை அருகில் பார்த்தால் மேல் வண்ணத்துக்கும் அடியில் உள்ள மேட்டுக்கும் சம்பந்தமே இருக்காது: அடியில் ஒரு தடித்த தீற்றல் ஒரு திசையில் காய்ந்திருக்கும், மேலே வேறு நிறம் வேறு திசையில் உரசிப் போயிருக்கும், மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளத்தில் பழைய நிறத்தை விட்டுவிட்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில் இது நன்றாகத் தெரியும். ஒரே அமர்வில் முடித்துவிட்டார் என்று நினைப்பவர்கள் இந்த மேடுகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் எண்ணெய் சேர்க்காத, குழாயிலிருந்து வந்த சாந்தை உறிஞ்சுதாளில் பத்து நிமிடம் வைத்து எண்ணெயை வடித்துவிட்டு எடுங்கள். தூரிகையைப் படுக்க வைத்து இலைகளின் மேல் வெளிறிய நீலப்பச்சையை உரசுங்கள். வெயில் விழுந்த பகுதிகளுக்கு மட்டும் காட்மியம் மஞ்சள். பூ கடைசி. பயிற்சிச் சதுரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பூவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் இரண்டு தொடுதல், முதலில் அலிசரின் கலந்த நடுநிறம், அதன் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. சுத்த வெள்ளை மொத்தம் மூன்று நான்கு இடத்தில் இருந்தால் போதும்.

கெடும் இடங்கள்: ஈரத்தின் மேல் ஈரமாகக் குறுக்கும் நெடுக்கும் இழுத்தால் சேறாகும். பூவைச் சுற்றி விளிம்பு வரைந்தால் ஒட்டுவில்லைபோல் நிற்கும். பிம்பத்தை மரத்தைவிட மிக வெளிச்சமாகப் போட்டால் நீர் பனிக்கட்டியாகும். கரிய பொருளின் பிம்பம் பொருளைவிடச் சற்று வெளிறும், வெளிறிய பொருளின் பிம்பம் சற்று இருளும். இந்த விதியைத் தட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கல்பார்வை:
அக்ரிலிக்கில் செய்யலாமா? காயக் காத்திருக்கத் தேவையில்லையே.

தைலச்சாந்து:
செய்யலாம். அடுக்கு முறைக்கு அக்ரிலிக் வசதியும்கூட. ஒரு மணி நேரத்தில் மேலே உரசலாம். இரண்டு இடைஞ்சல்கள். காய்ந்ததும் நிறம் ஒரு படி இருளும், ஆகவே இலையின் வான நீலத்தை நினைத்ததைவிட வெளிறலாகக் கலக்க வேண்டும். மேடு தணிந்துவிடும், அடித்தளத் தீற்றலுக்குத் தடிப்பாக்கும் ஜெல் சேர்க்காமல் முடியாது. அடியை அக்ரிலிக்கிலும் மேலடுக்கை எண்ணெய் வண்ணத்திலும் செய்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும். தலைகீழாக, எண்ணெய் மேல் அக்ரிலிக் போடக்கூடாது, உரிந்து வரும்.

முடிந்த படத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். மோனே வார்னிஷ் விரும்பாதவர். பளபளப்பு ஏறினால் இருட்டுகள் இன்னும் இருண்டு, மேட்டில் ஒட்டிய உலர்நிறத்தின் மாவு போன்ற தன்மை போய்விடும். அவர் படங்கள் பலவற்றுக்குப் பின்னாளில் பிறர் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். அசல் படத்துக்கு முன் நிற்கும்போது விளக்கின் பளபளப்பு கண்ணில் அடித்தால், அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள்.

கொட்டியாம்பல்:
நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஜிவெர்னித் தோட்டம் ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். அல்லி பூப்பது கோடையில். ஏப்ரலில் போனால் துலிப் நிறைய இருக்கும், குளத்தில் இலைகூடச் சரியாக வந்திருக்காது. அல்லிக்காகவே போவதென்றால் ஜூலை, ஆகஸ்ட், காலை பத்து மணிக்குப் பிறகு. குளத்தைப் பார்க்கும்போது இலைக்கூட்டங்களுக்கு நடுவே எவ்வளவு நீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அல்லியின் கிழங்குத்தண்டு விட்டால் பரவிக் குளத்தையே மூடிவிடும். மோனே காலத்திலேயே ஒரு தோட்டக்காரர் படகில் போய் இலைகளைக் கழித்து, தூசியை நீரால் அலசிவிடுவது வழக்கம். செங்குத்துத் தீற்றலுக்கு இடம் கிடைத்தது அந்த வேலையால்.

வளைகோடு:
படங்களுக்குப் பாரிஸ் போதும். ஓர்சே அருங்காட்சியகத்தில் இந்தத் தொடரின் இரண்டு படங்கள் உள்ளன, ஒன்று 1899-இன் பச்சை ஒத்திசைவு, இன்னொன்று 1900-இன் ரோஜா ஒத்திசைவு. இரண்டுமே 1911-இல் ஓவியச் சேகரிப்பாளர் கமோந்தோவின் உயில் வழியாக அரசுக்கு வந்தவை. பச்சைப் படத்தில் தைலச்சாந்து சொன்ன விகிதம் அப்படியே இருக்கும். ரோஜாப் படத்தில் சிவப்பு வகைகளின் பரப்பு கூடி, தீற்றலும் தடித்து முரடாகியிருக்கும். அதே பாலம், அதே குளம், ஒரு வருட இடைவெளி.

பார்க்கும் தூரம் கேட்கப்படவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 90 செ.மீ. படத்துக்கு முதலில் மூன்று மீட்டரில் நில்லுங்கள். குளம் படுத்துக்கொள்ளும், பாலம் பின்னால் போகும். பிறகு மெதுவாக முன்னே வாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் இலை இலையாக இருப்பது நின்று சாந்தாக மாறும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள். அந்த இடத்தில் நின்று அரை அடி முன்னும் பின்னும் போய் வாருங்கள்.

வெண்பலகை:
பாரிஸ் ஓராஞ்சரி அருங்காட்சியகத்தில் உள்ள மோனேயின் அல்லிப் பெரும்படங்களுக்கும் இதே தூரக் கணக்கு பொருந்துமா?

நீர்க்கோடு:
பொருந்தாது. அவை கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம். இரண்டு நீள்வட்ட அறைகளில் எட்டுத் தொகுதிகளாகச் சுவரோடு வளைந்து போகின்றன. 1927 மே மாதம் திறந்தார்கள், மோனே இறந்து ஐந்து மாதம் கழித்து. எங்கே நின்றாலும் முழுப்படம் கண்ணுக்குள் அடங்காது; அடங்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. அறை நடுவில் உள்ள இருக்கையில் உட்கார்ந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, கிடைத் தீற்றலையும் செங்குத்துத் தீற்றலையும் பிரித்துப் பாருங்கள். கூரை வழியாகப் பகல் வெளிச்சம் வருமாறு அமைத்த அறைகள் என்பதால் மேகம் மூடினால் நீலங்கள் மாறும். வெயில் உள்ள நாளில் காலையில் ஒரு முறை, மாலை மூடும் முன் ஒரு முறை பார்த்தால் வேறுபாடு தெரியும்.